கொட்டகையில் நிற்கும் ஹெரால்டை ஏலத்தில் எடுக்கலாமா?

ஈரோடு மாவட்டத்திலிருந்து 52 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன். கடிதத்தின் சுருக்கம் இது:

"எழுபதுகளில் என் அப்பாவிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இருந்தது. தறித் தொழில் நொடித்தபோது விற்றுவிட்டார். அதை வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போனபோது அப்பா திண்ணையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அப்போது எனக்கு ஏழு வயது. இப்போது ஓர் ஆன்லைன் ஏல நிறுவனத்தின் பட்டியலில் 1967-ல் பதிவான இரண்டு கதவு ஹெரால்டு ஒன்று வந்திருக்கிறது. காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டுக் கொட்டகையில் 25 வருடமாக நிற்கிறதாம். யாரும் கை வைக்காத, பெயின்ட் கூட மாற்றாத வண்டி. தொடக்க விலை 1,80,000 ரூபாய். கலந்துகொள்ள 25,000 முன்பணம். வாங்குபவரிடம் 10 சதவீதக் கமிஷன். ஏலம் மூன்று வாரத்தில்.

"உரிமையாளர் காலமாகிவிட்டார். மகன்களில் ஒருவர் ஏலத்துக்கு விட்டிருக்கிறார். ஃபோனில் பேசியபோது அக்கா சென்னையிலும் தம்பி சிங்கப்பூரிலும் இருப்பதாகச் சொன்னார். ஆர்.சி. புத்தகம் தொலைந்துவிட்டது, முதல் பக்க ஜெராக்ஸ் மட்டும் இருக்கிறது. வீட்டு நகையை வைத்து மொத்தம் 5 லட்சம் திரட்டலாம் என்றிருக்கிறேன். 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்குத் தரும் வி.ஏ. நம்பர் வாங்கி, தினமும் கடைக்கு ஓட்டிப் போக ஆசை. எஞ்சின் இறுகியிருந்தால் மாருதி எஞ்சின் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக். இரண்டு வருடத்தில் விலை இரட்டிப்பாகும் என்றும் சொல்கிறார்கள். மனைவிக்கு விருப்பமில்லை. ஏலத்தில் வாங்கினால் உரிமை சுத்தமாகத்தானே வரும்? ஏமாந்தாலும் நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறதே? இது சரிப்படாவிட்டால், அரசுத் துறை ஏலத்தில் ஒரு பழைய அம்பாசிடரை எடுக்கலாமா?"

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் சட்டக் கேள்விகள் வருவதற்கு முன்னால் ஒன்றரைப் பக்கம் அப்பாவின் காரைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். பானெட்டைத் திறந்தால் மட்கார்டும் விளக்குகளும் சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் கவிழ்ந்து திறக்கும், நீங்கள் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு அப்பா பிளக் துடைப்பதைப் பார்ப்பீர்கள் என்ற இடத்தை இரண்டு முறை படித்தேன். அப்படித் திறக்கும் கார் நம் ஊர்ச் சாலைகளில் வேறு அதிகம் இல்லை. இத்தாலியர் மிக்கெலோட்டி வடிவமைத்த பிரிட்டிஷ் காரான டிரயம்ப் ஹெரால்டை, சென்னைக்கு வெளியே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் 1961 முதல் இங்கேயே செய்தார்கள். அந்த நிறுவனத்தின் உற்பத்தி 1988-ல் நின்றுபோனது. ஆகவே இந்த ஆசையை வீண் ஆசை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் வாகனப் பதிவு வழக்குகளில் இருபது வருடத்துக்கு மேல் உழன்றவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய காரில் கிடைக்காத பொருள் இரும்பு இல்லை, காகிதம். ஹெரால்டின் கதவு அழுகியிருந்தால் தகடு வெட்டி ஒட்டும் டிங்கர் இன்னும் இருக்கிறார். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடலாம். எஞ்சின், கியர், பிரேக் சாமான்கள் பலவற்றை இங்கிலாந்தில் டிரயம்ப் ஹெரால்டுக்கென்று இன்றும் செய்து விற்கிறார்கள். ஆனால் வாரிசு ஒருவரின் கையெழுத்து கிடைக்காவிட்டால், அதைச் செய்து தர எந்தப் பட்டறையாலும் முடியாது. உங்கள் கடிதத்தில் உள்ள காகித நிலையில் இந்த வண்டியை ஏலம் கேட்காதீர்கள். அந்த நிலையை மாற்ற முடியும். மூன்று வாரத்தில் முழுதாக முடியாது, ஆனால் முடியுமா முடியாதா என்று தெரிந்துகொள்ள மூன்று வாரம் போதும்.

ஏலத்தில் எடுத்தால் உரிமை சுத்தமாகிவிடுமா?

ஆகாது. பலர் நம்புவது போலவே நீங்களும் நம்பியிருக்கிறீர்கள். நீதிமன்றமோ அரசோ நடத்தும் ஏலத்தின் நினைவு இது. தனியார் ஏல நிறுவனம் விற்பவரின் முகவர்தான். விற்பவருக்கு எவ்வளவு உரிமை உண்டோ அவ்வளவுதான் உங்கள் கைக்கு வரும். 1930-ம் வருடச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. 64-வது பிரிவு ஏலத்தைப் பற்றிப் பேசுகிறது. சுத்தியல் விழுந்ததும் விற்பனை முடிந்தது, அதுவரை கேட்டவர் பின்வாங்கலாம், விற்பவர் தானும் விலை கேட்கும் உரிமையை முன்கூட்டியே வெளிப்படையாக அறிவித்திருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. சுத்தியல் விழுந்ததும் பழைய உரிமைக் குறை தீர்ந்துவிடும் என்று எங்கேயும் இல்லை.

இந்த வண்டிக்கு வருவோம். பெரியவர் உயில் எழுதாமல் போயிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள் எல்லோருக்கும் சம பங்கு. பெரியவரின் தாயார் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் உண்டு. கார் ஊரில் இருக்கும் மகனின் கொட்டகையில் நிற்பதால் அது அவருடையதாகிவிடாது. நீங்கள் விசாரிக்காமல் விட்ட அந்த அக்காவுக்கும் தம்பிக்கும் அதில் பங்கு இருக்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 28-வது பிரிவு வாங்குபவருக்கு ஒரு பாதுகாப்பு தருகிறது. கூட்டு உரிமையாளர்களில் ஒருவர், மற்றவர்களின் சம்மதத்தோடு பொருளைத் தன் தனிப் பொறுப்பில் வைத்திருந்து விற்றால், விற்க அவருக்கு அதிகாரம் இல்லை என்பதை அறியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு உரிமை போய்ச் சேரும். ஆனால் உங்களுக்கு அக்காவையும் தம்பியையும் பற்றித் தெரியும். தெரிந்த பிறகும் கேட்காமல் வாங்கினால், "எனக்குத் தெரியாது" என்று நாளை நீதிமன்றத்தில் சொல்வது கடினம். அந்த ஃபோன் பேச்சு உங்கள் நிலையைக் கொஞ்சம் பலவீனமாக்கிவிட்டது. ஆனால் அதனால்தான் இன்று சரியான கேள்வியைக் கேட்க முடிகிறது.

ஆகவே ஏல நிறுவனத்துக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மூன்று விஷயம் கேளுங்கள்: இறப்புச் சான்று, தாசில்தார் தந்த வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகள் இந்த விற்பனைக்குச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம். ஃபோனில் "எல்லாம் பேசியாச்சு சார்" என்று பதில் வந்தால் அது பதிலே இல்லை.

தொலைந்த ஆர்.சி.

"டூப்ளிகேட் வாங்கிக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்கலாம். ஆனால் நீங்கள் வாங்க முடியாது. நகல் ஆர்.சி.க்கு 26-ம் எண் படிவத்தில் விண்ணப்பிக்கும் தகுதி பதிவு பெற்ற உரிமையாளருக்குத்தான். அவர் காலமாகிவிட்டதால் வாரிசுகள் முதலில் 31-ம் எண் படிவத்தில் பதிவைத் தங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு அப்புறம்தான் 29, 30-ம் எண் படிவங்களில் அவர்கள் உங்களுக்கு மாற்றித் தர முடியும். இறந்தவர் பெயரிலிருந்து நேராக உங்கள் பெயருக்குத் தாவ வழியில்லை. தேதி போடாத கையெழுத்துப் படிவம் ஒன்றைக் கையில் கொடுத்து "ஆர்.டி.ஓ. ஆபீஸில் நம்ம ஆள் இருக்கார்" என்று யாராவது சொன்னால், முன்பணத்தைக் கட்டாமல் திரும்பி வந்துவிடுங்கள். இறந்தவர் கையெழுத்தைப் போட்ட படிவத்தை நம்பி வாங்கிய ஒருவரின் குற்ற வழக்கை நான் நடத்தியிருக்கிறேன். அவர் ஏமாந்தவர்தான். ஆனால் முதல் இரண்டு வருடம் அவரைக் குற்றவாளியாகத்தான் நடத்தினார்கள்.

இன்னொரு வேலையும் உண்டு. 1967-ன் பதிவு, கையால் எழுதிய பேரேட்டில் இருந்திருக்கும். அது கணினியில் ஏறியிருக்கிறதா என்று மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் பழைய நம்பரைப் போட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம், பல நல்ல வண்டிகளே அதில் இல்லை. ஆனால் முதலில் பதிவு செய்த அலுவலகத்தில் அந்தப் பேரேட்டுப் பக்கம் இன்னும் இருக்கிறதா என்று வாரிசுகளில் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். மாவட்டங்கள் பிரிந்தபோது பேரேடுகளும் இடம் மாறின. அந்தப் பக்கம் கிடைத்தால் வழி பிறக்கும். கிடைக்காவிட்டால் ஒரு பக்க ஜெராக்ஸை வைத்துக்கொண்டு நீங்கள் பல வருடம் அலைய நேரும். அந்த ஜெராக்ஸில் இல்லாத பின்பக்கத்தையும் கேளுங்கள். அந்தக் காலத்தில் தவணையில் வாங்கிய வண்டியென்றால் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் அதில் ஏறியிருக்கும். கடன் என்றோ தீர்ந்திருக்கும், கம்பெனியே இன்று இருக்காது, ஆனால் அந்த வரியை நீக்காமல் பெயர் மாறாது.

வி.ஏ. நம்பர் யாருக்கு?

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழமை வாகனங்களுக்குத் தனிப் பகுதி வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த, சொந்த உபயோகத்துக்கான இருசக்கர வாகனங்களும் கார்களும் அதில் அடங்கும். 1967-ன் ஹெரால்டு வயதில் தாராளமாகத் தேறும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. புதுப் பதிவென்றால் மாநில எழுத்துகளுக்குப் பின் 'வி.ஏ.' என்று வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம் என்பதும் அதில் இருக்கிறது. மூன்று எழுத்தில் தொடங்கும் அந்தப் பழைய நம்பரை விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் கவனிக்காதது இரண்டு. முதலாவது, இந்தப் பதிவில் தினமும் கடைக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, இவற்றுக்குப் போய் வருவது ஆகியவற்றுக்குத்தான் சாலையில் இறங்கலாம். அன்றாட உபயோகத்துக்கும் வாடகைக்கும் கூடாது என்று விதியே சொல்கிறது. கல்யாண ஊர்வலத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு அனுப்பும் எண்ணம் பின்னால் வந்தாலும் அதற்கும் இடமில்லை.

இரண்டாவது, வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்த பெரிய வேலை நடந்திருக்கக் கூடாது. மாருதி எஞ்சின் ஏறிய அன்றே இந்தத் தகுதி போய்விடும். சரி, சாதாரணப் பதிவிலேயே ஓட்டிக்கொள்கிறேன் என்றாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிற்கும். தயாரிப்பாளர் தந்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது அந்தப் பிரிவு. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் மெக்கானிக் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் சொன்னதைச் செய்தால், நாளை ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்கும் கேள்வி எஞ்சின் எண்ணைப் பற்றியதாக இருக்கும்.

தினமும் ஓட்ட வேண்டும் என்பதுதான் உங்கள் உண்மையான ஆசை என்றால், உங்களுக்கு உரியது சாதாரணப் புதுப்பிப்பு. 25-ம் எண் படிவம், வண்டியைக் கொண்டுபோய்த் தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) காட்டுவது, பசுமை வரி, புகைச் சான்று, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மறுபடியும் இதே. இதில் வண்டியை எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம். ஆனால் தாமதக் கட்டணம் ஒன்று இருக்கிறது. 2022 ஏப்ரலிலிருந்து, கார்களின் பதிவைப் புதுப்பிக்கத் தாமதித்தால் மாதம் 500 ரூபாய். பதிவு காலாவதியாகி 20 வருடம் ஆகியிருந்து, அத்தனை மாதத்தையும் கணக்கில் எடுத்தால் 1,20,000 ரூபாய். உங்கள் வண்டிக்கு எந்தத் தேதியிலிருந்து கணக்கிடுவார்கள், பழைய சாலை வரி பாக்கி ஏதும் நிற்கிறதா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஏலத் தொகையை முடிவு செய்யுங்கள்.

எந்தப் பதிவு உங்களுக்கு என்பதை முதலில் தீர்மானியுங்கள். பட்டறையில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதெல்லாம் அதிலிருந்துதான் தொடங்கும்.

பார்வை நாளில்

ஏல நிறுவனம் இரண்டு நாள் பார்க்க விடுகிறது என்கிறீர்கள். நீங்கள் படங்களைப் பார்த்தே திருப்தி அடைந்துவிட்டதாகவும் தெரிகிறது. அது தவறு, சட்டப்படியும் தவறு. "உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்" என்று விற்கும் வண்டியில் துரு இருந்தது, கியர் விழவில்லை என்றெல்லாம் பின்னால் புகார் செய்ய முடியாது. விற்பவர் வேண்டுமென்றே ஒன்றை மூடி மறைத்திருந்தால் ஒப்பந்தச் சட்டத்தின் 17, 19-வது பிரிவுகள் உங்களுக்குக் கைகொடுக்கலாம். ஆனால் சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலையில், வாய் திறக்காமல் இருந்தார் என்பதை மட்டும் காட்டி ஒப்பந்தத்தை ரத்துசெய்ய முடியாது என்று அதே 19-வது பிரிவு சொல்கிறது. பார்க்க வாய்ப்பு கொடுத்தும் போகாதவரின் வழக்கு அங்கேயே தளர்ந்துவிடும்.

நுகர்வோர் நீதிமன்றத்தையும் அதிகம் நம்பாதீர்கள். 2009-ல் சண்டிகர் மனைகள் தொடர்பான வழக்கில், பொது ஏலத்தில் உள்ளது உள்ளபடி மனையை எடுத்தவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது மனை வழக்கு, கார் வழக்கு இல்லை. ஏல நிறுவனம் உங்களிடம் கமிஷன் வாங்குவதால் அதன் சேவைக் குறையைப் பற்றி வாதாட இடமுண்டு. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே அந்தத் தீர்ப்பை எடுத்து நீட்டுவார்.

ஆகவே போங்கள், தனியாகப் போகாதீர்கள். ஹெரால்டைப் பிரித்துப் பூட்டிய ஒருவரைக் கூட்டிப் போங்கள். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற பழைய கார் சங்கங்களில் கேட்டால் வழிகாட்டுவார்கள். பென்சிலும் மெல்லிய வெள்ளைத் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை சேஸ் எண்ணுக்கும் எஞ்சின் எண்ணுக்கும் பென்சில் அச்சு எடுப்பது. ஜெராக்ஸில் இருக்கும் எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒத்துப் பாருங்கள். சேஸ் எண் ஒத்துப்போகாவிட்டால், வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் அத்தோடு விட்டுவிடுங்கள். எஞ்சின் எண் மட்டும் வேறாக இருந்தால், இடையில் எஞ்சின் மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அது ஆர்.சி.யில் ஏறியதா என்பதுதான் கேள்வி. திருட்டு வண்டியா என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்திலும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் இரும்பைப் பாருங்கள். ஹெரால்டின் பாடி தனி, சேஸ் தனி. பாடித் தகடுகள் போல்ட் போட்டுப் பூட்டியவை என்பதால் அவற்றைக் கழற்றி மாற்றலாம். உயிர் சேஸில்தான் இருக்கிறது. பக்கவாட்டில் நீளும் கைகளிலும், பின்னால் டிஃபரன்ஷியலைத் தாங்கும் இடத்திலும் நீர் தங்கித் துரு பிடிக்கும். சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அழுகியது பொத்தென்று கேட்கும். மண் தரைக் கொட்டகை என்றால் மேலே பளபளப்பாக இருக்கும் வண்டிகூடக் கீழே கரைந்திருக்கும். எலி கடித்த ஒயரிங்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், எப்படியும் முழுதாக மாற்றத்தான் வேண்டும்.

"ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். 25 வருடம் நின்ற எஞ்சினை பேட்டரி வைத்துச் சுழற்றினால் ரிங்கும் சிலிண்டரும் கீறிப் போகும். பிளக்கைக் கழற்றி எண்ணெய் விட்டு, பிறகு கையால் சுழல்கிறதா என்று பார்க்க அனுமதி கேளுங்கள். சுழலாவிட்டாலும் அது முடிவு இல்லை. எண்ணெயில் ஊறவிட்டு மெதுவாக விடுவித்துவிடும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். எரிபொருள் சங்கதியும் மாறிவிட்டது. இந்த வண்டி ஓடிய காலத்தில் போட்டது பெரும்பாலும் ஈயம் கலந்த பெட்ரோலாக இருந்திருக்கும். 2000-த்தின் தொடக்கத்தில் அதை நாடு முழுக்க நிறுத்திவிட்டார்கள். இன்று பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்கள் அதற்குத் தாங்காது, ஈயம் இல்லாததால் வால்வு சீட்டுகளையும் கெட்டியானதாக மாற்ற வேண்டி வரலாம். இவை பழுதுபார்ப்பு வேலைகள், அசல் தன்மையைக் கெடுப்பவை இல்லை.

வண்டி உங்களுக்கே விழுந்தால், கொட்டகையிலிருந்து ஓட்டிக்கொண்டோ கயிறு கட்டி இழுத்துக்கொண்டோ வராதீர்கள். பதிவு உயிரோடு இல்லாத வண்டி சாலையில் உருளவே கூடாது. பிளாட்பெட் லாரியில் ஏற்றி வாருங்கள்.

எவ்வளவுக்குக் கேட்கலாம்

மேலிருந்து கீழே கணக்குப் போடுங்கள். தொடக்க விலையான 1,80,000-க்கே விழுந்தாலும் 10 சதவீதக் கமிஷன் 18,000, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 3,240. ஆக 2,01,240. அதோடு லாரி வாடகை, தாமதக் கட்டணம், வரி பாக்கி. உங்கள் 5 லட்சத்தில் இவை போக மிச்சம் இருப்பதில் பிரேக், பெட்ரோல் டேங்க், ஒயரிங், ஐந்து டயர், எஞ்சின் போரிங், சேஸ் வேலை. பட்டறையில் முதலில் சொன்ன தொகையில் முடிந்த ஒரு காரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. 5 லட்சத்தில் இது முடியாது என்றே நினைக்கிறேன். குறைந்தபட்சம் பெயின்டையும் உள்ளலங்காரத்தையும் பின்னால் தள்ளிவைக்க வேண்டி வரும்.

தள்ளிவைப்பது நல்லதும்கூட. கை வைக்காத வண்டி என்பதுதான் இதன் மதிப்பே. கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையினர் நடத்தும் கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை போய்ப் பழைய கார்களை அருகில் நின்று பாருங்கள். பட்டி போட்டுப் புதுப் பெயின்ட் அடிப்பது எளிது, 1967-ன் பெயின்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது. முதலில் வண்டியை ஓடவும் திரும்பவும் பிரேக் பிடித்து நிற்கவும் வையுங்கள். நிறத்தைப் பிறகு யோசிக்கலாம்.

இரட்டிப்பு விலைப் பேச்சை மறந்துவிடுங்கள். ஹெரால்டு எளிய குடும்பங்களின் கார். செலவழித்த பணம் விற்கும்போது திரும்பி வராது என்று வைத்துக்கொண்டே இறங்குங்கள். அந்தக் கணக்கிலும் உங்களுக்கு இது வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

அரசு ஏலத்து அம்பாசிடரைப் பற்றிச் சுருக்கமாக. அரசு ஏலத்தில் எடுத்த வண்டிக்கு 32-ம் எண் படிவத்தில் 30 நாளுக்குள் நேரடியாகவே பெயர் மாற்றலாம் என்பது உண்மை. ஆனால் 2023 ஏப்ரல் 1 முதல், 15 வருடம் கடந்த அரசு வண்டிகளின் பதிவு தானாகவே முடிந்துவிடுகிறது, அவை உடைப்புக்குப் போக வேண்டியவை. அரசுத் துறை அம்பாசிடரை ஏலத்தில் பார்த்தால் அதைச் சாலையில் ஓட்டும் கனவோடு கேட்காதீர்கள்.

கடைசியாக, சட்டக் கேள்விகளுக்கு நடுவே நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு சொல். "வீட்டு நகை" என்கிறீர்கள். அது உங்கள் மனைவியின் நகை. சீதனம் பெண்ணுக்கே முழு உரிமையான சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. கணவர் இக்கட்டில் பயன்படுத்தினாலும் திருப்பித் தரும் பொறுப்பு அவருடையது. ஆகவே விருப்பமில்லை என்று அவர் சொல்வதை வெறும் முணுமுணுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரிடம் கேட்காமல் அடகு வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். நகையைத் தொடாமல் உங்கள் சேமிப்பிலிருந்து எவ்வளவு வருமோ அதுதான் உங்கள் உச்ச வரம்பு. அந்தத் தொகையை ஒரு தாளில் எழுதி ஏலத்தன்று பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் கணினியை மூடிவிடுங்கள்.

அப்பா திண்ணையை விட்டு எழுந்திருக்காத அந்தக் கதையை மனைவியிடம் சொல்லியிருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லுங்கள். பார்வை நாளில் அவரையும் காரைக்குடிக்குக் கூட்டிப் போங்கள். சென்னையில் இருக்கும் அந்த அக்காவின் சம்மதக் கடிதம் மின்னஞ்சலில் வந்து சேர்ந்த பிறகு போனால் போதும்.